பெரியப்பாவும் பத்து சென்டிமீட்டர் காற்றும்

2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் விருத்தாசலம் பக்கம் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து கிடந்ததில், மாவட்டத்தின் பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஃபேன் ஓடாத, டிவி அலறாத அந்த மார்கழி இரவுகளில்தான் பெரியப்பாவின் குறட்டை தெருவுக்குத் தெரியவந்தது. அதுவரை அது வீட்டோடு இருந்த விஷயம். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் வந்து கேட்டேவிட்டார்: "ராத்திரி பூரா ஜெனரேட்டர் ஓட்டுறீங்களே அண்ணே, ஒரு போன் சார்ஜ் போட்டுக்கலாமா?"

தெருவே சிரித்தது. பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காதவர் பெரியம்மா ஒருவர்தான்.

அவருக்குக் குறட்டை பழகிப்போயிருந்தது. அது நின்றுபோகும் நேரம்தான் பழகவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பட்டென்று அறுபடும். நெஞ்சு ஏறி இறங்கும். மூக்கில் கையை வைத்துப் பார்த்தால் காற்று வராது. பெரியம்மா இருட்டில் உட்கார்ந்து மனசுக்குள் எண்ணுவார். இருபது தாண்டினால் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. பெரியப்பா திமிறிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு வாங்கி, புரண்டு படுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். காலையில் கேட்டால், "நல்லா அடிச்சிப் போட்ட மாரி தூங்கினனே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தூக்கத்தில் மூச்சடைத்து எழுபவர்களில் பெரும்பாலோருக்குத் தாம் எழுந்ததே ஞாபகம் இருப்பதில்லை. நம் வீடுகளில் குறட்டைக்கு நல்ல பெயர் வேறு. உழைத்தவன் தூக்கம், கவலையில்லாதவன் தூக்கம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரை வைத்தியத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறோம்.

பெரியப்பா விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்த்தவர். விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்கள் பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் முந்திரிக்கும் அறிவார்கள். வீட்டு மெயின் பலகையில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும் ஃப்யூஸ் கேரியரின் ஊரும் இதுதான் என்று பலருக்குத் தெரியாது. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துக் களிமண், அதோடு அரைத்த குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் வார்த்தெடுத்த பொம்மைகள் ஒருபுறம், பிரஸ்ஸில் அடித்த ஃப்யூஸ் கட்டைகள் ஒருபுறம். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனமே ஊரில் இருக்கிறது. பெரியப்பா அங்கே படித்தவர் இல்லை. சூளையிடமே படித்தவர்.

1,200 டிகிரிக்கு மேல் போகும் சூளையில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ஒரு கண்துளை உண்டு. அதற்கு நேராகச் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கூம்பை நிறுத்தி வைத்திருப்பார்கள். 'கோன்' என்பார்கள். உரிய சூடு வந்ததும் அந்தக் கோன் மெல்லத் தலை குனியும். அந்த நேரம் பார்த்துத் தீயைக் குறைக்க வேண்டும். ஒரு நைட் ஷிஃப்டில் கோன் குனிந்து, படுத்து, உருகியே போய்விட்டது. பெரியப்பா கண்துளைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு சூளைச் சரக்கு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. முதலாளி திட்டவில்லை; பகல் வேலைக்கு, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். முப்பது வருஷம் தீயைப் பார்த்தவருக்கு வைக்கோல் திணிக்கிற வேலை. திட்டியிருந்தால் தேவலாம் என்று பின்னாளில் சொல்வார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ராத்திரியில் நாலைந்து முறை ஒன்றுக்குப் போக எழுந்துகொள்வார். சர்க்கரை என்று வீட்டில் முடிவே கட்டி, காபியில் சீனியை நிறுத்தி, ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருந்தது. மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் மேலறை விரிகிறது; உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தப்பாக எண்ணிக்கொண்டு அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது; சிறுநீரகம் அதற்குக் கட்டுப்பட்டு வேலை பார்க்கிறது. இந்தச் சங்கிலியை யாரும் அப்போது அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நோயின் பெயர் வீட்டுக்குள் வந்தது டிவி வழியாக. 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி இரவு, மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தார். 'டிஸ்கோ டான்ஸர்' பாட்டுகளைப் போட்டவர், கழுத்து நிறையத் தங்கச் சங்கிலியோடு திரிந்தவர், வயது 69. மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் அப்னியா' என்று ஒன்று இருந்தது. மறுநாள் செய்தியில் அதற்கு விளக்கம் சொன்னார்கள்: குறட்டை, நடுநடுவே மூச்சு நிற்பது, பகலில் தூங்கி விழுவது. பெரியம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சென்னையிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டார்.

மகன் வந்து புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் முதலில் நீட்டியது ஒரு தாள். 1991-இல் மெல்பர்ன் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் வகுத்த எட்டுக் கேள்விகள்: உட்கார்ந்து படிக்கும்போது தூக்கம் வருமா, டிவி பார்க்கும்போது வருமா, வண்டியில் பயணியாகப் போகும்போது வருமா, மத்தியானம் சாப்பிட்டபின் சும்மா உட்கார்ந்தால் வருமா என்றெல்லாம் போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை மார்க், மொத்தம் 24. பெரியப்பா 19 வாங்கினார். ஒரு சந்தேகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். விருத்தாசலம்–பண்ருட்டி பஸ்ஸில் சித்திரை வெயிலில் தூங்காத பயணி உண்டா? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவதை நம்மூரில் எவர் நோய் என்று ஒத்துக்கொள்வார்? பெரியப்பாவும் இதையேதான் டாக்டரிடம் வாதாடினார். டாக்டர் சிரித்துக்கொண்டே விரலுக்கொரு கிளிப், நெஞ்சுக்கொரு பட்டை, மூக்குக்கொரு குழாய் கொடுத்து ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்.

அறிக்கை வாதாட இடம் வைக்கவில்லை. மணிக்கு 42 தடவை மூச்சு நின்றிருக்கிறது அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையாமல். ஐந்து வரை பரவாயில்லை, முப்பதைத் தாண்டினால் கடுமை என்பது கணக்கு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு கட்டத்தில் 71 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனாலே பதறி ஓடிய ஊர் அது. பெரியம்மா அந்த 71-ஐ மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இவர் மட்டுமில்லை. வேலை செய்யும் வயதிலிருக்கும் இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, காற்றுப்பாதை மூடிக்கொள்கிறது, மூளை தட்டி எழுப்புகிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைச் சரிசெய்ய 1980 வரை இருந்த உருப்படியான வழி, கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது. அந்த ஆண்டு ஜூன் மாதம் சிட்னியில் ஒரு நோயாளி அந்த ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்றார். டாக்டர் காலின் சல்லிவன் ஒரு காற்று மோட்டாரைக் குழாயோடு இணைத்து, அவர் மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். அந்த மனிதர் பல வருஷமாகத் தூங்காத தூக்கம் தூங்கினார். ஐந்து நோயாளிகளின் கதையோடு 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. 'சீபேப்' என்ற மெஷின் பிறந்த கதை இது. பெரியப்பாவுக்கு டாக்டர் சொன்னதும் அதைத்தான்.

இதில் பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஆரம்பகால மாஸ்க்குகள் கடையில் வாங்கியவை இல்லை. ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன்மேல் ஃபைபர் கிளாஸில் மாஸ்க் செய்து, ராத்திரி ராத்திரி சிலிக்கான் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். மகன் இதைப் படித்துச் சொன்னபோது பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அச்சு எடுத்தாங்களா? அப்ப நம்ம பேட்டையில குடுத்திருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பனே!"

மெஷினின் சூட்சுமமும் அவருக்கு நொடியில் பிடிபட்டது. அதன் அழுத்தத்தை நீர்மட்ட சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். 4-லிருந்து 20 வரை. அவருக்கு வேண்டியிருந்தது 10. சூளைக்குள் இழுவையைப் பார்க்கவும் ஊதுகாற்றைப் பார்க்கவும் வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்தே பழகியவர் அவர். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1,033 சென்டிமீட்டர் நீர்மட்டம். பத்து என்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. "இது ஆக்ஸிஜனும் குடுக்கல, மூச்சும் வுடல. தொண்டை மூடிக்காம தாங்கிப் புடிக்குது, அவ்ளோதான்," என்று விற்பனைப் பையனுக்கே விளக்கினார். மெஷினும் மாஸ்க்குமாக 50,000 ரூபாயை ஒட்டி ஆனது. மகன் கொடுத்தார்.

மெஷின் புரிந்தது, மாட்டிக்கொண்டு தூங்குவது வேறு கதை. முதல் தகராறு மீசையோடு. நடுநாட்டு மீசை, நுனி கொஞ்சம் முறுக்கியது. மூக்கை மூடும் மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு மீசைமேல் உட்கார மறுத்தது. உஸ்ஸென்று காற்று மேலே கசிந்து கண்ணில் அடித்தது. காலையில் கண் சிவந்திருந்தது. மீசையை எடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெரியப்பா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பட்டையை இறுக்கி இறுக்கிக் கட்டினார். கசிவு கூடியதே ஒழியக் குறையவில்லை. மூக்குத் தண்டில் புண் வந்ததுதான் மிச்சம். காற்று உள்ளே வந்து அந்த மெல்லிய விளிம்பு உப்பி நிற்க இடம் வேண்டும், இறுக்கினால் அது மடங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். மூச்சு முட்டுகிறது என்று நடுராத்திரியில் பிய்த்து எறிந்தார். கடைசியில் மூக்குத் துவாரத்தில் மட்டும் இரண்டு சின்ன மெத்தைகள் உட்காரும் வகை ஒத்துவந்தது. மீசைக்கு மேலேயே வேலை முடிந்துவிட்டது.

பகலிலேயே மாட்டிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முழித்திருக்கும்போது பயமில்லாமல் மாட்டிக்கொண்டால், உடம்பு அதை எதிரியாக நினைப்பதை விட்டுவிடும். ஆகவே சாயங்கால சீரியல் நேரத்தில் பெரியப்பா குழாயோடு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா ஆழத்துப் பிள்ளையார் ஆயிட்டாரு" என்று அறிவித்தது. பழமலைநாதர் கோயிலில் படியிறங்கிப் போய்க் கும்பிட வேண்டிய பிள்ளையார் அவர். பெயர் தெருவில் நிலைத்துவிட்டது.

பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது பார்க்க வந்தவர்களை. 2021-இல் கொரோனாவின்போது ஊர் பார்த்த காட்சிகள் யாருக்கும் மறந்திருக்கவில்லை. மூக்கில் மாஸ்க், பக்கத்தில் ஒரு பெட்டி, நடுவே குழாய் என்றால் அது ஒன்றே ஒன்றுதான். "சூளைக்காரருக்கு வூட்லயே ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்களாம்" என்று பாலக்கரை வரை செய்தி போய்விட்டது. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வந்தன. சம்பந்தி வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்து, திண்ணையில் மெதுவான குரலில் பேசினார்கள். கைலியோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த பெரியப்பாவுக்கு எழுந்து நின்று தான் நன்றாக இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. குறட்டை விட்டவரை ஊர் திடகாத்திரமானவர் என்றது. குறட்டை நின்றவரை நோயாளி என்றது. அவர் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மறுபடி பழைய மாதிரியே படுத்துக்கொண்டது இந்தச் சாத்துக்குடிகளால்தான். மாஸ்க்குக்குப் பழக முடியவில்லை என்று கைவிடுகிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் பார்வையாளர்களுக்குப் பழக முடியாதவர்களோ!

பெரியம்மா விடவில்லை. ஊருக்கு வெளியே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே 'பிராது' கட்டுவது வழக்கம். களவு, கடன் ஏமாற்று, குடும்பச் சண்டை, எதுவானாலும் அதிகாரிக்கு மனு எழுதுவது போலச் சாமிக்குத் தாளில் எழுதி, பூசை வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட வேண்டும். காரியம் முடிந்ததும் வந்து வாபஸ் வாங்க வேண்டும். புருஷன் மெஷின் மாட்ட மாட்டேன் என்கிறார் என்று பெரியம்மா பிராது கட்டினார். எதிர்மனுதாரர் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் பார்த்த பெரியப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அன்றிரவே கட்டிலுக்கடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது.

சாமியோடு சேர்ந்து மகனும் கண்காணித்தார். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு காற்று கசிந்தது, இன்னும் எத்தனை தடவை மூச்சு நின்றது என்பதெல்லாம் மெஷினிலிருந்து செயலிக்குப் போய்விடும். காலை ஆறரைக்குச் சென்னையிலிருந்து போன் வரும்: "என்னப்பா, நேத்து ரெண்டு மணி நேரம்தானா?" பெரியப்பாவுக்கு இது முதலாளி ஷிஃப்ட் கணக்குக் கேட்பது போல எரிச்சலாக இருந்தது. மகன் நச்சரித்ததில் நியாயம் இல்லாமலில்லை. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான 'சேவ்' ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதத்தை சீபேப் குறைக்கவில்லை என்று முடிவு வந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் மாட்டியதோ சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். அதே ஆய்வில் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை தெளிந்தது. மருந்தைப் பாதி மட்டும் சாப்பிட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும்.

2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தை அடக்க வைத்த நுரைப்பஞ்சு உதிரக்கூடும் என்று லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்ற செய்தியைக் காட்டி மெஷினைக் கைவிடப் பெரியப்பா ஒரு முயற்சி செய்தார். தம்முடையது வேறு கம்பெனி என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

மற்றதெல்லாம் வீட்டு வேலையாகிப் போனது. தொண்டை வறண்டதால் ஈரப்பதப் பெட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. போர் தண்ணீரை ஊற்றியதில் தட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரை மெடிக்கலில் சொல்லிவைத்து வாங்கினார். தை மாதக் குளிரில் குழாய்க்குள் ஈரம் திரண்டு மூக்கில் சொட்டி எழுப்பியது. பெரியம்மா பழைய வாயில் சேலையைக் கிழித்துக் குழாய்க்கு உறை தைத்தார். மூக்கு மெத்தையைத் தினமும், குழாயை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, வெயில் படாமல் நடைக் கொடியில் கைலிக்கும் துண்டுக்கும் நடுவே தொங்கவிடுவார். கரண்ட் போனால் காற்று நின்று திடுக்கிட்டு எழுவதைத் தடுக்க, இன்வெர்ட்டர் லைன் ஒன்று கட்டில் பக்கம் வந்தது. ஃப்யூஸ் கட்டை விருத்தாசலத்ததுதானா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே மாட்டவிட்டார்.

மாற்றம் முதலில் தெரிந்தது தூக்கத்தில் இல்லை, பாத்ரூமில். ஒரு காலையில், ராத்திரி ஒருமுறைகூட எழவில்லை என்பது அவருக்கே உறைத்தது. காபிக்குச் சீனி திரும்பி வந்தது. கனவுகள் வந்தன; வருஷக்கணக்காகக் கனவே கண்டதில்லை என்றார். தலை கனத்தோடு எழுவது போனது. எடை குறையவில்லை, ரத்தக்கொதிப்பு மாத்திரையும் நிற்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பெரியம்மாவுக்குத்தான் கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை. சத்தம் இல்லாத அறையில் பயந்துபோய் எழுந்து அவர் மூக்கருகே கையை நீட்டினால், மாஸ்க்கின் துளைகளிலிருந்து சில்லென்று காற்று கையில் அடிக்கும். மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கியது அதற்கப்புறம்.

போன ஆவணியில் சேலம் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்து மாடி ஹாலில் ஆண்கள் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தார்கள். பெரியப்பா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கையோடு கொண்டுபோயிருந்தார். பிளக் பாயிண்ட் இருக்கும் சுவரோரமாக இடம் பிடித்து, யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டார். ஹாலின் நாலு மூலையிலும் குறட்டை ஏறி இறங்கியது. காலையில் கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கழுத்து தடித்தவர், தயங்கித் தயங்கி வந்து நின்றார். "மாமா, அந்தப் பொட்டி… எவ்ளோ ஆச்சி?"

பெரியப்பா விலையைச் சொல்லவில்லை. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகுமா என்று கேட்டார். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடச் சொல்லி, மூச்சு நிற்கிறதா என்று அவரிடமும் விசாரித்தார். பிறகு அந்த மனிதரின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "மொதல்ல டெஸ்ட் எடுங்க, டாக்டர் சொல்லட்டும். பொட்டி எதுனாலும் ஓடும். மாஸ்க்கு வாங்கறப்ப மட்டும் நேர்ல போங்க, போன்ல சொல்லி வாங்காதீங்க. ஒங்க மீசை என்னுதை வுடப் பெருசு."